அரசாங்கத்தின் வளர்ச்சியும் சுதந்திரவாதிகளின் குற்றப்பத்திரமும்

எதிராளியின் வாதத்தை அது நலிந்திருக்கும் இடத்திலே தாக்கி வெற்றிச் சங்கு ஊதுவது எளிது. அது வலுவாக நிற்கும் இடத்திலே அதனை எதிர்கொள்வதுதான் விமரிசனத்தின் கடமை. அரசாங்கம் வளர வளர மனிதன் சிறுத்துவிடுகிறான் என்னும் குற்றச்சாட்டு அவ்வாறு எதிர்கொள்ளப்பட வேண்டிய ஒன்று. முற்போக்கு எண்ணங் கொண்டோர் பலர் இதனை முதலாளிகளின் கூலிப் பேச்சு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். முதலாளிகள் இவ்வாதத்தை விரும்பி வளர்த்தனர் என்பது உண்மையே. ஆயினும் ஒரு கூற்றை யார் விரும்புகிறார் என்பதைக் கொண்டு அது மெய்யா பொய்யா என்று தீர்மானித்துவிட முடியாது.

இக்குற்றச்சாட்டை இன்று முன்வைப்போருள் முதன்மையானவர்கள் அமெரிக்காவிலே தம்மை 'லிபர்டேரியன்' என்று அழைத்துக்கொள்வோர். இக்கட்டுரையில் அவர்களைச் சுதந்திரவாதிகள் என்று குறிப்பிடுவோம். மற்றொருவனைத் தாக்காமலும் ஏமாற்றாமலும் இருக்கும்வரை மனிதன் தன் உடலையும் உழைப்பையும் உடைமையையும் தன் விருப்பப்படி ஆளலாம். அதிலே தலையிட அரசாங்கத்துக்கு உரிமையில்லை என்பதே அவர்களது அடிப்படைக் கொள்கை. அமெரிக்க வரலாற்றிலே இக்கொள்கைக்கு இழைக்கப்பட்ட பெருந்தீங்கு 'முற்போக்குக் காலம்' எனப்படும் காலத்திலே தொடங்கிற்று என்பர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து முதலாம் உலக யுத்தம் வரையுள்ள அக்காலத்திலே தொழிற்சாலைச் சட்டங்களும், உணவுப் பரிசோதனையும், வருமான வரியும், பெருங் கம்பனிகள் மீதான கட்டுப்பாடுகளும் தோன்றின. தியோடர் ரூஸ்வெல்ட், வூட்ரோ வில்சன் ஆகிய ஜனாதிபதிகள் அவ்வியக்கத்தின் அரசியல் முகங்கள்.

அந்த 'முற்போக்கு' என்ற சொல்லுக்கும் எமது இலக்கிய உலகிலே வழங்கும் முற்போக்கு என்ற சொல்லுக்கும் பொருள் ஒன்றல்ல. அமெரிக்க முற்போக்காளர் முதலாளித்துவத்தைச் சீர்திருத்த முனைந்தனரேயன்றி அதனை அகற்ற விழைந்தாரல்லர். ஆயினும் இருவருக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்றுண்டு. மக்களின் துயரம் விதியின் விளைவன்று, சட்டத்தாலும் கூட்டுமுயற்சியாலும் அதனை மாற்ற இயலும் என்பதே அந்நம்பிக்கை. சுதந்திரவாதிகள் குற்றக்கூண்டில் நிறுத்தியிருப்பது அதனைத்தான். ஆதலின் இவ்வழக்கிலே நாம் வெறும் பார்வையாளராக அமர்ந்திருக்க முடியாது.

வாதத்தின் பரம்பரை நீண்டது. 1884ஆம் ஆண்டிலே ஆங்கிலச் சிந்தனையாளர் ஹேபேர்ட் ஸ்பென்சர், மனிதனை அரசுக்கு எதிர்நிறுத்தும் தலைப்போடு நான்கு கட்டுரைகளை நூலாக வெளியிட்டார். முன்னர் மக்களின் தளைகளை அவிழ்த்த லிபரல் கட்சியினர் இப்பொழுது புதிய தளைகளைப் பூட்டுகின்றனர் என்பது அவரது முறைப்பாடு. தொழிற்சாலைப் பரிசோதகர், சுகாதார விதி, வரிப்பணத்திலே நடக்கும் பள்ளிக்கூடம் ஆகிய ஒவ்வொன்றும் சிறியதாகவே தோன்றும்; எல்லாம் கூடும்போது மனிதன் தன் உழைப்பின் பெரும் பங்கைப் பிறருக்காகச் செய்யும் அடிமையாகிவிடுவான் என்று அவர் எச்சரித்தார்.

அறுபது ஆண்டுகளின் பின், 1944இல், லண்டனிலே கற்பித்துவந்த வியன்னா அறிஞர் பிரெட்ரிக் ஹயெக் 'அடிமைத்தனத்துக்கான பாதை' என்ற நூலை எழுதினார். ஒரு நாட்டின் பொருளாதாரம் முழுவதையும் மத்தியிலிருந்து திட்டமிட வேண்டுமாயின், எது முதலில் வேண்டும், எது பின்னர் வேண்டும் என்று யாரோ ஒருவர் எல்லாருக்காகவும் முடிவு செய்யவேண்டும். அம்முடிவுக்கு இணங்காதவரை இணங்கச்செய்யும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். அந்த அதிகாரம் நல்லோர் கையிலே நெடுநாள் தங்காது என்பது அவரது வாதம். 1945இல் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' சஞ்சிகை இதனைச் சுருக்கி வெளியிட, நூல் அமெரிக்க வீடுகள் பலவற்றிலே புகுந்தது. ஆயினும் எவரும் பட்டினியாலும் உறைவிடமின்மையாலும் வாடாதபடி அரசு குறைந்தபட்சப் பாதுகாப்பு அளிக்கலாம் என்று அந்நூலிலேயே ஹயெக் ஒப்புக்கொண்டார். அவரது பெயரைச் சொல்லி வறியோர் நிவாரணத்தை வெட்டுவோர் அப்பக்கங்களைப் புரட்டுவதில்லை.

இவ்விருவரும் தத்துவம் பேசினர். அமெரிக்கப் பொருளியல் வரலாற்றாசிரியர் ரொபேட் ஹிக்ஸ் வரலாறு பேசினார். 1987இல் வெளிவந்த 'நெருக்கடியும் லெவியதனும்' என்ற நூலிலே, அரசாங்கம் ஒரே சீராக வளர்வதில்லை, யுத்தமும் பொருளாதார வீழ்ச்சியும் வரும்போதுதான் பாய்ந்து வளர்கிறது என்று அவர் காட்டினார். நெருக்கடி தீர்ந்தபின் அது ஓரளவு சுருங்கும். ஆனால் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. முன்னே சுழல இடங்கொடுத்து, பின்னே சுழல முயன்றால் பற்களிலே நாக்கு விழுந்து தடுக்கும் பற்சக்கரத்தை இதற்கு அவர் உவமை கூறினார்.

உவமைக்குச் சான்று உண்டு. 1913இல் வருமான வரி விதிக்கும் அதிகாரத்தை அமெரிக்க மத்திய அரசாங்கம் பெற்றபோது உச்ச வரிவீதம் 7 சதவீதம். யுத்தத்தின் கடைசி ஆண்டாகிய 1918இல் அது 77 சதவீதம். 1925இல் 25 ஆக இறங்கியது. 25 என்பது 77 அன்று. ஆனால் 7-உம் அன்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1943இல், சம்பளம் கைக்கு வருமுன்னரே வரியைக் கழித்துக்கொள்ளும் முறை புகுத்தப்பட்டது. யுத்தம் முடிந்தது, முறை முடியவில்லை. அதனை வகுக்க உதவிய திறைசேரி அலுவலருள் ஒருவர், பிற்காலத்தில் சுதந்திரச் சந்தையின் பெருங்குரலாக விளங்கிய மில்டன் பிரீட்மன் என்பது வரலாற்றின் நகைச்சுவை. ஹிக்ஸின் நேர்மையையும் இவ்விடத்துக் குறிப்பிட வேண்டும். நிவாரணத்தைக் கண்டித்து இராணுவத்தைப் போற்றும் இரட்டை நாக்கு அவருக்கு இல்லை. ஈராக் யுத்தத்தையும் அவர் வன்மையாக எதிர்த்தார்.

சுதந்திரவாதிகளின் குற்றப்பத்திரத்திலே நாம் மறுக்க இயலாத பகுதி இனித்தான் வருகின்றது. 1913இல் பதவியேற்ற வில்சனின் ஆட்சியிலே, திறைசேரியிலும் தபால் திணைக்களத்திலும் கறுப்பின ஊழியர் வெள்ளையரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டனர். மத்திய வங்கி முறையையும் வருமான வரியையும் சட்டமாக்கிய அதே முற்போக்கு அரசாங்கம் செய்த காரியம் இது. 1917இல் அமெரிக்கா யுத்தத்திலே இறங்கியதும் உளவுச் சட்டம் வந்தது. 1918 ஜூனிலே ஒஹையோ மாநிலத்தின் கன்டன் நகரில் யுத்தத்துக்கு எதிராகப் பேசியமைக்காக, சோசலிசத் தலைவர் யூஜின் டெப்ஸ் அச்சட்டத்தின் கீழ் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சிறையிலிருந்தபடியே 1920ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் நின்று 9 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். முற்போக்காளர் வில்சன் அவருக்கு மன்னிப்பு வழங்க மறுத்தார். 1921 டிசம்பரிலே அவரை விடுவித்தவர் பழைமைவாதியான ஜனாதிபதி ஹார்டிங்.

நீதிபதி ஒலிவர் வெண்டல் ஹோம்ஸின் கதை இதனினும் கூரியது. நியூயோர்க் மாநிலம் 1895இல் இயற்றிய சட்டம் ஒன்று பேக்கரித் தொழிலாளரின் வேலையை நாளொன்றுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி என்று வரையறுத்தது. 1905இல் லொக்னர் வழக்கிலே உயர் நீதிமன்றம், ஒப்பந்தம் செய்யும் சுதந்திரத்துக்கு முரணானது என்று அவ்வரையறையை 5க்கு 4 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. அரசியல் யாப்பு ஸ்பென்சரின் தத்துவத்தைச் சட்டமாக்கவில்லை என்ற பொருள்பட அன்று எதிர்த்தீர்ப்பு எழுதியவர் ஹோம்ஸ். அவர் தாம் முற்போக்காளர் அல்லர். ஆயினும் அந்த எதிர்த்தீர்ப்புக் காரணமாக முற்போக்காளர் அவரைத் தலைமேற் கொண்டாடினர். 1919இல் டெப்ஸின் தண்டனையை உறுதிசெய்த தீர்ப்பையும் எழுதியவர் அதே ஹோம்ஸ்தான். 1927இல் வேர்ஜீனியா மாநிலத்திலே காரி பக் என்ற வறிய இளம் பெண்ணை, மூளைவளர்ச்சி குன்றியவள் என்று முத்திரை குத்திப் பலவந்தமாக மலடாக்குவது சட்டபூர்வமானது என்று தீர்ப்பு எழுதியவரும் அவரே.

அவ்வழக்கிலே எட்டு நீதிபதிகள் ஒருபுறம் நின்றனர். தொழிலாளரின் தோழர் எனப் பெயர் பெற்ற லூயி பிராண்டைசும் அவர்களுள் ஒருவர். மறுபுறம் நின்றவர் பியேர்ஸ் பட்லர் ஒருவரே. அவரோ பின்னாளில் ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் சட்டங்களை எதிர்த்த பழைமைவாதி. இருபதாம் நூற்றாண்டிலே அமெரிக்க மாநிலங்கள் அவ்வாறு மலடாக்கியோர் தொகை 60,000க்கு மேல். இக்கொடுமை வெறும் பின்தங்கிய மனங்களின் வேலையன்று. விஞ்ஞானம், சீர்திருத்தம், நிபுணர் ஆட்சி என்ற முற்போக்குச் சொற்களே அதற்கு ஆடையாயின. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை ஆதரித்த பொருளியலறிஞர் சிலர், அச்சட்டம் 'தகுதியற்ற' இனத்தவரை வேலையிலிருந்து ஒதுக்கும் என்பதையே அதன் நன்மையாகக் கருதினர் என்று தோமஸ் லெனார்ட் 2016இல் வெளியிட்ட நூலிலே சான்றுகளோடு காட்டியுள்ளார். மக்களுக்காக ஆளுகிறோம் என்போர், மக்களைக் கேளாது ஆளத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு இவை சாட்சி. இப்பகுதியை நாம் முழுமனத்தோடு ஏற்கவேண்டும்.

ஏற்றபின்னரும் வழக்கு முடிந்துவிடவில்லை. இலக்கியம் பயின்றோர் ஒரு வாதத்தைக் காணும்போது அதன் உருவகங்களையும் உற்றுநோக்குவர். 'லெவியதன்' என்பது 1651இல் தோமஸ் ஹொப்ஸ் தமது நூலுக்குச் சூட்டிய, வேதாகமத்திலே வரும் பெருவிலங்கின் பெயர். அரசாங்கத்தை விலங்கு என்று சொன்ன அளவிலே, அது தானே பசித்துத் தானே உண்டு தானே கொழுப்பது போன்ற தோற்றம் உண்டாகிவிடுகின்றது. அதற்கு இரை கொடுத்தோர் யார், எதற்காகக் கொடுத்தனர் என்ற வினாக்கள் மறைந்துவிடுகின்றன. 'பாதை' என்ற உருவகமும் அத்தகையதே. பாதையிலே கால்வைத்தவன் அதன் முடிவை அடைந்தே தீருவான் என்ற எண்ணத்தை அது ஊட்டுகின்றது. ஆனால் 1945இன் பின் பிரித்தானியா தேசிய சுகாதார சேவையை நிறுவிற்று; சுவீடன் விரிந்த சமூகக் காப்புறுதியை அமைத்தது. அந்நாடுகளின் மக்கள் வாக்குரிமையை இழக்கவில்லை, ஆட்சிகளை மாற்றினர், விரும்பியபோது தனியார் கைக்குத் தொழில்களைத் திருப்பியும் கொடுத்தனர்.

உருவகங்களை அகற்றிவிட்டு உண்மைச் சம்பவம் ஒன்றைப் பார்ப்போம். 1911 மார்ச் 25ஆந் திகதி நியூயோர்க் நகரிலே 'ட்ரையாங்கிள்' ஆடைத் தொழிற்சாலையில் தீ மூண்டது. 146 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலார் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்து குடியேறிய இளம் பெண்கள். ஒன்பதாம் மாடியிலே வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. தொழிலாளர் துணியைத் திருடிச் செல்வர் என்ற ஐயமே அப்பூட்டுக்குக் காரணம். கதவு பூட்டியிருந்ததை முதலாளிகள் அவ்வேளையில் அறிந்திருந்தனர் என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்படாமையால், அவ்வாண்டு டிசம்பரிலே அவர்கள் விடுதலையாயினர்.

அக்கதவைப் பூட்டியது அரசாங்கமன்று. சுதந்திரவாதியின் கணக்கேட்டிலே அரசாங்கம் செய்யும் பலாத்காரம் ஒவ்வொன்றுக்கும் பதிவு உண்டு, அப்பூட்டுக்குப் பதிவில்லை. வேலை பிடிக்காதவள் விலகிப் போயிருக்கலாமே என்பது அவர்களது விடை. விலகி எங்கே போவாள்? அடுத்த தொழிற்சாலைக்குத்தான். அங்கும் அதே கூலி, அதே மேற்பார்வையாளர், அதே பூட்டு. தெரிவு செய்வதற்கு வேறொன்று இல்லாதவனிடம் தெரிவுச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவது, நீந்தத் தெரியாதவனிடம் கடலின் விசாலத்தைப் புகழ்வது போன்றது. ஹயெக்கின் நூலுக்கு 1944இல் மதிப்புரை எழுதிய ஜோர்ஜ் ஓர்வெல் இதனை நன்குணர்ந்திருந்தார். கூட்டுடைமை கொடுங்கோன்மையாக மாறலாம் என்ற ஹயெக்கின் எச்சரிக்கையிலே பேருண்மை உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் கட்டற்ற போட்டிக்குத் திரும்புவது பெரும்பாலான மக்களுக்கு அரசின் கொடுங்கோன்மையினும் கொடியதாக இருக்கும், ஏனெனில் அது எவருக்கும் பொறுப்புச் சொல்லாதது என்றும் எழுதினார்.

தீ விபத்தின் பின் நியூயோர்க்கிலே தொழிற்சாலை விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அவசர வாயில், தீப் பாதுகாப்பு, வேலை நேரம் ஆகியவை பற்றிச் சட்டங்கள் தொடர்ந்தன. அத்தீயை நேரிலே கண்ட பிரான்சிஸ் பேர்கின்ஸ், 1933இல் அமெரிக்காவின் தொழில் மந்திரியானார். அரசாங்கம் வளர்ந்தது மெய். ஆனால் அது பெருவிலங்கொன்றின் பசியால் வளரவில்லை. எரிந்துபோன பெண்களின் தோழியர் தெருவிலே இறங்கிக் கேட்டமையால் வளர்ந்தது.

எனினும் எல்லாச் சட்டங்களும் இவ்வாறு பிறந்தவையல்ல. அப்டன் சிங்க்ளேயரின் 'காடு' என்ற நாவல் 1906இல் நூலாக வெளிவந்தது. சிக்காகோ நகர இறைச்சித் தொழிற்சாலைகளிலே குடியேறிய தொழிலாளர் படும் அவலமே அதன் பொருள். வாசித்த மக்களோ தொழிலாளரின் அவலத்தைவிடத் தம் உணவின் அசுத்தத்தைக் கண்டே பதறினர். அவ்வாண்டு ஜூன் 30ஆந் திகதி இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் உணவு மருந்துச் சட்டமும் கையொப்பமாயின. தொழிலாளரின் வேலை நேரத்தையோ கூலியையோ அவை தொடவில்லை. பரிசோதனைச் செலவைக் கம்பனிகள் அல்ல, திறைசேரியே ஏற்றது. பெரிய இறைச்சிக் கம்பனிகள் இப்பரிசோதனையை விரும்பின. அது அவற்றின் ஏற்றுமதிக்கு நற்சான்றாயிற்று. சிறிய போட்டியாளருக்கோ சுமையாயிற்று என்று கேப்ரியல் கொல்கோ 1963இல் எழுதினார். கொல்கோ இடதுசாரி வரலாற்றாசிரியர். அவரது முடிபுகளைச் சுதந்திரவாதிகள் ஆவலோடு எடுத்துக்கொண்டனர். லொக்னர் வழக்குக்குரிய சட்டமும் சிறிய குடியேறிய பேக்கரிக்காரரை ஒடுக்கப் பெரியவர்களுக்கு உதவியது என்று டேவிட் பேர்ன்ஸ்டைன் 2011இல் வாதிட்டார். இவற்றிலும் உண்மையின் கூறு உண்டு. ஆனால் இவ்வுண்மை எதனைக் காட்டுகின்றது? அரசாங்கம் பெரிதா சிறிதா என்ற வினா போதாது, அது யாருடைய கையிலே இருக்கின்றது என்ற வினாவே அடிப்படையானது என்பதைத்தான்.

இந்த வினாவோடு ஹிக்ஸின் பற்சக்கரத்துக்குத் திரும்பி வருவோம். சக்கரம் பின்னே சுழலாது என்றார் அவர். உண்மையில் அது பலமுறை பின்னே சுழன்றிருக்கின்றது. வேலையற்றோருக்கு வேலை கொடுக்க 1935இல் ரூஸ்வெல்ட் நிறுவிய பொதுவேலை நிர்வாகம் 1943இல் மூடப்பட்டது. யுத்த காலத்திலே தொழிற்சாலைப் பெண்களின் குழந்தைகளைப் பராமரிக்க மத்திய அரசாங்கம் நடத்திய பராமரிப்பு நிலையங்கள் 1946இல் கைவிடப்பட்டன. விலைக்கட்டுப்பாடும் யுத்தம் முடிந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் மறைந்தது. 1950களிலே 91 சதவீதமாக இருந்த உச்ச வருமான வரிவீதம் 1988இல் 28 சதவீதமாயிற்று. இவை யாவும் பின்னோக்கிய சுழற்சியன்றி வேறென்ன?

மறுபுறம், டெப்ஸைச் சிறையிலிட்ட 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டம் நீங்கவில்லை. வியட்நாம் யுத்தத்தின் இரகசியங்களை வெளியிட்ட டானியல் எல்ஸ்பேர்க் மீது 1971இலும், இரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய எட்வேர்ட் ஸ்னோடன் மீது 2013இலும் அதே சட்டம் பாய்ந்தது. 1947இல் நிறுவப்பட்ட மத்திய உளவு ஸ்தாபனம், அதனைப் பிறப்பித்த கெடுபிடி யுத்தம் முடிந்தபின்னும் நிலைத்தது. வறியவனுக்கு வந்தது திரும்பிச் சென்றது. வறியவன் மீது வந்தது தங்கிவிட்டது. இதற்கு விலக்குகள் உண்டு. 1935ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியமும், 1938ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் நிலைத்தன. கோடிக்கணக்கானோர் அவற்றைத் தம் உரிமையென உணர்ந்து காத்து நின்றமையே அதற்குக் காரணம். சக்கரத்தின் நாக்கு இரும்பினாலானதன்று. அது ஒரு கை. யாருடைய கைக்கு வலிமை உண்டோ, அவர் வேண்டாததைப் பின்னே சுழற்றுகிறார், வேண்டியதைப் பூட்டிவைக்கிறார். ஹிக்ஸ் கண்ட உண்மைக்கு வர்க்க உண்மை என்ற மறுபாதியும் உண்டு.

சுதந்திரச் சந்தைக் கொள்கை ஆட்சிபீடம் ஏறிய இடங்களிலே இது வெளிப்படையாகத் தெரிந்தது. 1973 செப்டெம்பர் 11ஆந் திகதி சிலி நாட்டிலே மக்கள் தெரிந்த அரசாங்கத்தைக் கவிழ்த்துப் பினோசே ஆட்சியைக் கைப்பற்றினார். சிக்காகோவிலே பயின்ற பொருளியலாளர் அவருக்குத் திட்டம் வகுத்தனர். பிரீட்மன் 1975இல் அங்கே சென்று ஆலோசனை கூறினார். ஹயெக் 1977இலும் 1981இலும் சென்றார். சந்தைச் சுதந்திரத்தை மதிக்காத ஜனநாயகத்தைவிட அதனை மதிக்கும் சர்வாதிகாரமே தமக்கு உவப்பு என்ற கருத்துப்பட 1981இல் ஒரு சிலிப் பத்திரிகைக்குப் பேட்டியும் அளித்தார். சுதந்திரவாதிகள் அனைவரும் இதனை ஏற்றவரல்லர். ஆனால் அடிமைத்தனத்துக்கான பாதையைக் காட்டி எச்சரித்தவர், சித்திரவதைக் கூடங்களின் அருகே நின்று இவ்வாறு பேச முடிந்ததென்றால், அரசாங்கத்தின் பருமனை அளக்கும் கோல் எங்கோ பிழையாகத்தான் இருக்கவேண்டும்.

இப்பாடம் எமது நாட்டுக்கும் அந்நியமானதன்று. 1977இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அரசின் சுமையைக் குறைப்பதாகக் கூறிற்று. கூப்பன் அரிசி முதலில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருங்கி, 1979 செப்டெம்பரிலே உணவு முத்திரையாக மாறியது. விலைவாசி ஏறிற்று, முத்திரையில் எழுதிய தொகை ஏறவில்லை. அதே 1979 ஜூலையிலே பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. நீதிபதி முன் வழக்கின்றி ஒருவரை 18 மாதம் வரை தடுத்துவைக்க அச்சட்டம் இடங்கொடுத்தது. அதன் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொற்கள் இருந்தன. மூன்று ஆண்டுகளுக்கே அது உரியது என்றனர். 1982இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. 2022இல் திருத்தப்பட்டபோதும் நீங்கவில்லை. 1980 ஜூலை வேலைநிறுத்தத்திலே பங்குகொண்ட பல்லாயிரம் ஊழியர் வேலையிழந்தனர். அரிசி கொடுத்த கை சுருங்கியபோது விலங்கு பூட்டிய கை நீண்டது. இதனை அரசாங்கத்தின் சுருக்கம் என்பதா, வளர்ச்சி என்பதா?

பழியை ஒரு தரப்பின் மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. இடதுசாரிக் கட்சிகள் பங்காளிகளாய் 1970இல் அமைந்த அரசாங்கம், 1971 மார்ச்சிலே பிறப்பித்த அவசரகால நிலையை 1977 பெப்ரவரி வரை நீடித்தது. 1973இல் லேக்ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. ஏழு ஆண்டு ஆட்சியிலே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அவசரகாலம். பின்னர் வந்தோர் அதிகாரத்தைக் குவிப்பதற்குப் புதிய வழி தேட வேண்டியிருக்கவில்லை. வழி முன்னரே செப்பனிடப்பட்டிருந்தது. மக்கள் நலனுக்கெனப் பெற்ற வாளை மக்கள் விரோதியும் ஒருநாள் ஏந்துவான் என்ற சுதந்திரவாதிகளின் எச்சரிக்கை இவ்விடத்து மெய்யாயிற்று.

இவ்வெச்சரிக்கைக்காக அரசாங்கத்தையே துறந்துவிட முடியுமா? வரிப்பணத்திலே நடக்கும் பள்ளிக்கூடத்தை ஸ்பென்சர் அடிமைத்தனத்தின் அறிகுறி என்றார். 1945இல் இந்நாட்டிலே இலவசக் கல்வி தொடங்கியிராவிடின், இக்கட்டுரையை எழுதும் நாமும் இதனைப் படிக்கும் உங்களிற் பலரும் இச்சஞ்சிகையின் பக்கங்களிலே சந்தித்திருக்க மாட்டோம். எழுத்தறிவை எட்டாக் கனியாக வைத்திருந்த சாதியும் வறுமையும் அரசாங்கத்தின் கட்டளைகள் அல்ல. ஆனால் அவற்றின் பிடியைத் தளர்த்துவதற்கு அரசாங்கத்தின் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது.

அரசின் அளவைப் பற்றிச் சங்கப் புலவர் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குக் கூறிய அறிவுரை புறநானூற்றிலே உண்டு. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக அளித்தால் சிறு நிலமும் யானைக்குப் பலநாள் உணவாகும். யானை தானே வயலிற் புகுந்தால் அது உண்பதைவிடக் காலால் மிதித்து அழிப்பது மிகுதி என்பது அதன் கருத்து. இரண்டு நிலையிலும் யானையின் உருவம் ஒன்றே. வேறுபடுவது, அது உண்ணும் அளவை வகுப்பவர் யார் என்பதுதான். யானையைச் சிறிதாக்குங்கள் என்கின்றனர் சுதந்திரவாதிகள். யானை எமக்காகவே உழைக்கின்றது, அது எங்கும் செல்லட்டும் என்றனர் முற்போக்காளர் சிலர். வயலின் உரிமையாளரைக் கேட்போர் இரு அணியிலும் அரியர்.

ஆதலின் முற்போக்கு எழுத்தாளரும் வாசகரும் புதிய சட்டம் ஒன்று வரும்போதெல்லாம், அது எமது கட்சி கொணர்ந்த சட்டமாயினும், சில கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டும். இச்சட்டம் யாரைக் கட்டுகிறது, யாரைக் காக்கிறது? இதனாற் பாதிக்கப்படுபவன் எங்கே போய் முறையிடலாம்? தற்காலிகம் என்றால் எந்தத் திகதியிலே முடியும்? இதே அதிகாரம் எமது எதிரியின் கைக்குப் போனால் நாம் அதனைச் சகிப்போமா? காரி பக்கின் வழக்கிலே இக்கேள்விகள் கேட்கப்பட்டிருந்தால் எட்டு நீதிபதிகள் ஒருபுறம் நின்றிருக்க மாட்டார்கள். சுதந்திரவாதிகளிடமிருந்து நாம் பெறவேண்டியது அவர்களது முடிவை அன்று; அவர்களது ஐயத்தை. பூட்டிய கதவைத் திறக்க அரசாங்கம் வேண்டும். அதன் கையிலே சாவியைக் கொடுத்தவர்கள் மக்களே என்பதையும், அச்சாவி கொண்டு அது மறு கதவொன்றைப் பூட்டாது பார்த்திருக்கும் கடமை தமக்கு உண்டு என்பதையும் மக்கள் மறவாதிருத்தல் வேண்டும்.